நானூறும் எண்ணூறும்

தூத்துக்குடியில் ஒரு தொலைத்தொடர்பு நிலையத்தில் சவரிராஜ் என்றொரு ஊழியர் இருந்தார். முப்பது வருஷம் செம்புக் கம்பிகளை இணைத்த கை. செம்பு போய்க் கண்ணாடி இழை வந்ததும், ஐம்பத்தொரு வயதில் மறுபடி மாணவரானார். கற்றுக்கொடுத்தவள் வடிவு. அவரைவிடப் பதினேழு வயது இளையவள்.

அன்று அவர் சட்டைப் பையில் விருப்ப ஓய்வுப் படிவம் மடித்து இருந்தது. ஐந்து மணிக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட வேண்டும்.

காலையிலிருந்து புதுக் கருவியோடு மல்லுக்கட்டியும் அதன் விளக்கு சிவப்பாகவே எரிந்தது.

"பழைய பெட்டியில இதே இழை பச்சையா ஓடிச்சு, டீச்சரம்மா. அது நொடிக்குப் பத்து கிகாபிட். இது நானூறு. என்னைக் கண்டாலே முறைக்குது."

"என்னென்ன மாத்திப் பாத்திய?"

"மாத்தாதது என்னை மட்டுந்தான்."

இழையின் நுனியைக் கழற்றிக் கண்ணருகே கொண்டுபோனார். வடிவு சட்டென்று உள்ளங்கையால் மறைத்தாள்.

"கண்ணு வேண்டாமா அண்ணே? இதுல வாற வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. ஆனா கண்ணைப் பதம் பாத்துரும்."

"செம்புன்னா டெஸ்ட் போனை மாட்டுனா சத்தம் கேக்கும். உயிர் இருக்குன்னு தெரியும். இதுல கேக்கவும் முடியாது, பாக்கவும் கூடாது." அவர் குரல் இறங்கியது. "பத்தைப் படிச்சு முடிச்சா நூறு வருது. நூறைப் பிடிச்சா நானூறு. அடுத்து எண்ணூறுங்கான். நான் எங்க ஓடிப் பிடிக்க?"

வடிவு அவர் கையிலிருந்து இழையை வாங்கிக்கொண்டாள்.

"செம்பு காலத்துல என்ன வேலை பாத்திய?"

"ஜாயின்ட்டுல ஈரம் ஏறாமப் பாத்துக்கிட்டேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா?" அவருக்குச் சுருக்கென்றது. "ஒரு சொட்டு உள்ள போனா ஒரு தெருவே ஊமையாயிரும், தெரியுமா?"

அவள் கருவியின் வெளிச்சத்தை நிறுத்தினாள். இழை நுனியை உருப்பெருக்கியில் மாட்டினாள். திரையில் வெள்ளை வட்டம் ஒன்று தெரிந்தது. அதன் நடுவில் ஒரு கறுப்புப் புள்ளி.

"என்னது இது?" என்றார் சவரிராஜ்.

"தூசி."

"நேத்தும் இருந்துச்சா?"

"இருந்திருக்கும். பத்து இதைக் கண்டுக்கல."

துடைக்கிற பேனாவை அவரிடமே நீட்டினாள். அவர் இழையைக் கழற்றி, நுனியில் வைத்து ஒரே அழுத்து அழுத்திவிட்டு மறுபடி உருப்பெருக்கியில் மாட்டினார். திரையில் புள்ளி இல்லை. எடுத்த சூட்டோடு கருவியில் செருகினார், அவள் வெளிச்சத்தைத் திறந்துவிட்டாள்.

பச்சை.

சவரிராஜ் சிரிக்கவில்லை. "எண்ணூறு வந்தா?" என்று கேட்டார்.

"இதே தூசி அதுக்கு இன்னும் பெரிசாத் தெரியும்."

அவர் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டு நின்றார். மணி நாலே முக்கால். கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போய்ப் படிவத்தை வெளியே எடுத்தது.

"அண்ணே," என்றாள் வடிவு, அடுத்த இழையின் மூடியைக் கழற்றியபடி. "பேப்பரை இங்க பிரிக்காதிய. தூசி விழும்."