எதிர் நாற்காலி

ரெபேக்கா மனிதர்களின் சுபாவத்தை ஆராய்ந்து சொல்பவர். நீதிமன்றம் அனுப்புகிறவர்களைத் தன் வீட்டிலேயே பேசவைத்துக் கேட்பார். பிறகு, இவர் இன்ன மாதிரியானவர் என்று எழுதிக் கொடுப்பார். பிரிந்துபோகும் தாய் தகப்பனில் பிள்ளை யாரோடு இருக்கலாம் என்பது அவர் எழுத்தை வைத்து முடிவாகும். ஊருக்கு ஊர் அவரிடம் படித்தவர்கள் அந்த வேலையில் இருந்தார்கள். அவர்களில் மூத்தவர் கலியமூர்த்தி. அவருக்கே தலை நரைத்துவிட்டது.

உளவியலாளர் சங்கம் அந்த வருடம் சிறந்த ஆசிரியர் விருதை ரெபேக்காவுக்கு அறிவித்தது. அதைச் சொல்ல கலியமூர்த்தி அவர் வீட்டுக்குப் போனார்.

"வேண்டாம்" என்றார் ரெபேக்கா.

"வேற எப்படி மேடம் நாங்க உங்களுக்கு மரியாதை செய்யறது?"

ரெபேக்கா எழுந்தார். மேஜையைச் சுற்றி வந்து, சோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"என் நாற்காலியில நீ உட்காரு. என்னைச் சோதிச்சுப் பாரு."

"உங்களையா?"

"அடுத்த மாசம் ஒரு தாயைப் பத்தி நான் எழுதணும். எழுதலாமா, கூடாதா? என் புத்தி மேலயே எனக்குச் சந்தேகமா இருக்கு."

மனதைச் சோதிக்கக் காட்டும் மைக்கறைப் படங்களைக் கலியமூர்த்தி எடுத்தார்.

"அதெல்லாம் எனக்கு மனப்பாடம். சும்மா பேசு."

பேசினார்கள். பழைய வழக்குகளை ரெபேக்கா பிசகாமல் சொன்னார். இடையில், "உன் சம்சாரம் கோமதி சௌக்கியமா?" என்றார்.

கோமதி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. உடலை எடுக்கும்வரை பக்கத்திலேயே இருந்தவர் ரெபேக்கா.

"போயிட்டா மேடம்."

"ஐயோ" என்று கண் கலங்கினார். டீ வந்தது. குடித்து டம்ளரை வைத்ததும், "கோமதி சௌக்கியமா?" என்று மறுபடி கேட்டார்.

கலியமூர்த்தி மறுபடி சொன்னார். இந்த முறை ரெபேக்கா சிரித்தார்.

"தொல்லை விட்டுதுன்னு இருப்ப."

இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒரு பேச்சைக் கலியமூர்த்தி கேட்டதில்லை. அவரைப் பார்க்காமல் தாளை எடுத்தார். 'வயதுக்குரிய மறதி. ஓய்வு போதும்' என்று எழுதினார்.

ரெபேக்கா வாங்கிப் படித்தார்.

"நான் ஏதோ சொன்னேன். உன் முகம் மாறிச்சு. என்ன சொன்னேன்?"

"ஒண்ணுமில்ல மேடம்."

"சொல்லு."

சொன்னார். ரெபேக்காவின் முகம் வெளிறியது. தாளை மறுபடி பார்த்தார்.

"முன்பின் தெரியாத ஒருத்தி இங்க உட்கார்ந்து இதைச் சொல்லியிருந்தா, இப்படித்தான் எழுதுவியா?"

"மாட்டேன்."

"எனக்கு மாலை போடறேன்னு யாரோ ஒருத்தி பிள்ளையைப் பறிச்சிடாத."

கலியமூர்த்தி தாளைக் கிழித்துவிட்டு வேறொன்று எழுதினார். நினைவு தவறுகிறது, சொல்லில் கட்டுப்பாடு போய்விட்டது, இனி இவர் யாரையும் மதிப்பிடக் கூடாது. எழுதும்போது அழுதார். ரெபேக்கா படித்துவிட்டு, "தேதி போடு" என்றார்.

அந்தத் தாயின் வழக்கு வேறொருவருக்கு மாறியது. சங்கம் ஏதோ காரணம் சொல்லி விருதை நிறுத்திவைத்தது. கூடப் படித்தவர்கள் கலியமூர்த்தியோடு பேசுவதை விட்டார்கள். "சொல்லிக்கொடுத்த மகராசியையே முடிச்சு விட்டுட்டியே" என்று ஒருவர் போனில் திட்டினார். கலியமூர்த்தி மறுக்கவில்லை.

மழைக்காலத்தில் ரெபேக்காவை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். அங்கிருந்த மருத்துவர் கேட்டதால், அறிக்கையின் நகலோடு கலியமூர்த்தி போனார். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ரெபேக்காவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவர் கையிலிருந்த தாள்தான் கண்ணில் பட்டது. வாங்கிக்கொண்டார். மாணவர்கள் எழுதியதைத் திருத்திப் பழகிய விரல் வரிவரியாக இறங்கியது. எங்கும் நிற்கவில்லை.

"பாவம். யாரு இந்த ரெபேக்கா?"

"எனக்கு ரொம்ப வேண்டியவங்க."

"இதை எழுதினவருக்கு?"

"அவருக்கும்தான்."

"அப்படியும் மறைக்காம எழுதியிருக்காரே." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "யாருகிட்ட படிச்சாரு?"