பஞ்சுக்குள் தண்ணீர்

இந்தக் கதையில் குருவைவிடச் சீடருக்குத்தான் வயது அதிகம்.

சீடர் தில்லைநாயகம். பள்ளிக்கூடத்தில் வேதியியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தார். குரு, பேராசிரியர் ஜெசிந்தா. தில்லைநாயகத்திடமே பிளஸ் ஒன் படித்தவர். ஜெசிந்தா ஆய்வகத்துக்குள் வந்தால் தில்லைநாயகம் எழுந்து நிற்பார். தில்லைநாயகம் வந்தால் ஜெசிந்தா எழுந்து நிற்பார். மற்ற மாணவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

தில்லைநாயகத்துக்குக் கொடுத்த வேலை கேட்பதற்கு எளிது. பஞ்சைக் கரைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பஞ்சு முழுக்க செல்லுலோஸ். லேசில் எதிலும் கரையாத பிடிவாதக்காரன். அது கரைந்தால்தான் அதில் வேறு மூலக்கூறுகளைக் கோத்து, தீக்காயத்துக்குப் போடும் மெல்லிய படலமாக மாற்ற முடியும். அதைக் கரைக்க ஒரு கரைப்பான் உண்டு, கூடவே லித்தியம் குளோரைடு என்ற உப்பு வேண்டும். அதில் கொஞ்சம் தண்ணீர் கலந்தாலும் காரியம் கெட்டுவிடும்.

தில்லைநாயகம் விவரம் தெரிந்தவர். பஞ்சை ஓவனில் வைத்துச் சுக்காகக் காயவைத்தார். கரையவில்லை. இன்னும் சூடேற்றிக் காயவைத்தார். மாதக்கணக்கில் இதே கதை. பஞ்சு குடுவையின் அடியில் அசையாமல் கிடந்தது.

ஒரு மதியம் ஜெசிந்தாவின் அறைக்குப் போனார்.

"மேடம், இந்த வாரத்தோட நிறுத்திக்கிறேன்."

"ஏன் சார்?"

"காலமெல்லாம் சொல்லிக் கொடுத்ததுல இங்கே ஒண்ணுமே உதவலை. பள்ளிக்கூடத்துலயும் என்ன கிழிச்சேன்? வந்தேன், பாடம் நடத்தினேன், டிரான்ஸ்பர் வந்ததும் போனேன். எல்லாமே வீண்தானோன்னு தோணுது."

ஜெசிந்தா எழுந்து ஆய்வகத்துக்கு வந்து, அவர் பொத்திப் பொத்திக் காயவைத்திருந்த பஞ்சை எடுத்து ஒரு பீக்கர் தண்ணீரில் போட்டார்.

தில்லைநாயகம் பீக்கரை நோக்கிக் கையை நீட்டினார்.

"என்னம்மா பண்றே? இதுக்குத் தண்ணியே ஆகாதே."

பதற்றத்தில் 'மேடம்' காணாமல் போயிருந்தது. ஜெசிந்தாவுக்கு அது பிடித்திருந்தது.

"ஊறட்டும் சார்."

மறுநாள் தண்ணீரைப் பிழிந்துவிட்டு மெத்தனாலில் போடச் சொன்னார். மெத்தனாலை மாற்றி மாற்றி ஊற்றியபின், அதையும் வடித்துவிட்டுக் கரைப்பானில். அதையும் சிலமுறை மாற்றச் சொன்னார். எல்லாம் முடிந்த பிறகுதான் உப்பு. தில்லைநாயகம் முணுமுணுத்துக்கொண்டே எல்லாவற்றையும் செய்தார்.

வெள்ளிக்கிழமை குடுவையைத் தூக்கிப் பார்த்தார். பஞ்சைக் காணோம். தேன் மாதிரி கெட்டியாக, தெளிவாக ஒரு திரவம். அதற்குப் பின்னால் சன்னல் தெரிந்தது. சந்தோஷத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"கடைசியில வெளியேத்தத்தானே போறோம். தண்ணியை எதுக்கு உள்ளே விட்டோம்?"

"காய்ஞ்ச பஞ்சு இறுக மூடிக்கிடும் சார். தண்ணி உள்ளே போனாத்தான் திறக்கும்."

"அதுதான் வெளியே போயிடுச்சே?"

"சூட்டுல விரட்டினா பழையபடி மூடிக்கும். அடுத்து வர்றதுக்கு இடத்தைக் கொடுத்துட்டுப் போனா, திறந்தது திறந்தபடியே இருக்கும்."

தில்லைநாயகம் குடுவையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இப்போ இதுல தண்ணி இல்லையே மேடம். அது வந்துட்டுப் போனதுக்கு என்ன அடையாளம்?"

உட்கார்ந்திருந்த ஜெசிந்தா எழுந்து நின்றார், வகுப்பில் பதில் சொல்வது போல.

"எங்க பள்ளிக்கூடத்துல நீங்க இருந்தது ஒரே வருஷம் சார். நான் இன்னும் மூடிக்கலையே."