காத்தாயி அலசிய கூடு

அந்தக் காலத்தில், பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சாக இருந்தபோது, தூக்கணாங்குருவி கூடு கட்டியது மரத்தில் இல்லை, வீட்டுத் தாழ்வாரத்தில்தான். கை நீட்டினால் எட்டும். காத்தாயி வீட்டிலும் ஒரு கூடு இருந்தது. எட்டு வயதுக் காத்தாயிக்கு அந்தக் குருவி என்றால் உயிர். குருவியும் அப்படித்தான்; வயலுக்குப் போய் வந்தால் ஊர்க்கதையெல்லாம் முதலில் அவளிடம்தான் சொல்லும்.

அந்த வருஷம் விளைச்சல் வீடு கொள்ளவில்லை. புது அரிசி பொங்கி, பாடுபட்டவர்களுக்கெல்லாம் நன்றி சொல்லி விருந்து போடும் நாள் வந்தது. பயிரில் பூச்சி பொறுக்கிய குருவிக்கும் ஓர் இலை உண்டு. பந்தியை அலங்கரிப்பது பிள்ளைகள் பாடு. மற்றப் பிள்ளைகள் மாவிலை கோத்தார்கள், பூசணிப் பூ வைத்தார்கள். காத்தாயிக்கு அதெல்லாம் போதவில்லை. தன் குருவியின் இலை மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட வேண்டும் அவளுக்கு. அந்தக் கூட்டைவிட அழகு வேறு என்ன இருக்கிறது? குருவி வயலுக்குப் போன நேரம் பார்த்துக் கூட்டை அறுத்தாள்.

கூட்டில் ஒரே தூசி. மழையில் நிரம்பிக் கிடந்த கிணற்றில் குனிந்து அலசினாள். உள்ளிருந்து ஏதோ நழுவித் தண்ணீரில் விழுந்தது. கூட்டுக்குள் குருவி களிமண் அப்பி வைக்கும் என்று அவளுக்குத் தெரியும். போனால் மண்தானே என்று விட்டுவிட்டாள். அடி பாவி மகளே, ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா!

குருவி பந்திக்கு வந்தது. தன் இலைக்கு மேல் கூடு ஆடுவதைக் கண்டது. உள்ளே போனது, வெளியே வந்தது.

"காத்தாயி, உள்ளே இருந்தது எங்கே?"

"மண்தானே? அலசும்போது கிணற்றில் விழுந்துவிட்டது."

"மண்ணும் இருந்தது," என்றது குருவி. "விடியக்காலம் இட்ட முட்டையும் இருந்தது. சாப்பிடும்போது உன்னிடம் சொல்லலாம் என்று இருந்தேன்."

அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான். கிணற்றுக்கு மேல் சாய்ந்திருந்த தென்னை ஓலையில் போய் உட்கார்ந்து, கீழே தண்ணீரையே பார்த்துக் கத்தியது. காத்தாயி அழுதாள், கெஞ்சினாள், வா வா என்று கூப்பிட்டாள். குருவியின் கத்தலில் ஒரு சொல்கூட அவளுக்குப் புரியவில்லை.

பிறகு அது வீட்டுப் பக்கம் வரவே இல்லை. விரலெல்லாம் கீறிக்கொண்டு காத்தாயி தென்னங்கீற்றில் கூடு முடையப் பழகினாள். ஒவ்வோர் அறுவடை விருந்துக்கும் ஓர் இலையைக் காலியாகப் போட்டு, அதன் மேல் தான் முடைந்த கூட்டைத் தொங்கவிட்டு, வாசலைப் பார்த்தபடியே சாப்பிடுவாள். கல்யாணமாகிப் பிள்ளைகள் பெற்ற பிறகும் அந்த ஏக்கம் அவளை விடவில்லை.

அன்று முதல்தான் தூக்கணாங்குருவி கிணற்றுக்கு மேலேயே கூடு கட்டிக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. விருந்தன்று பிள்ளைகளும் ஓலையில் கூடு முடைந்து, தாங்களே முடைந்ததுதான் என்றாலும், ஒரு தடவை உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொங்கவிடுகிறார்கள்.