தண்ணீரில்லாத ஏரியில் ராஜாவின் தெப்பம்

முன்னொரு காலத்தில் தேனாற்று நாட்டைக் குமாரகண்டன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் காதுக்கு இனிக்காத பேச்சு அவருக்கு ஆகவே ஆகாது. "பாயசம் அடிப்பிடித்துவிட்டது" என்று உண்மையைச் சொன்ன சமையல்காரனை வேலையைவிட்டுத் துரத்தியவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் மழை பொய்த்துப் போயிற்று. தலைநகரின் பெரிய ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஏரியின் மடைக்காவலன் காத்தான் நேரே சபைக்கு வந்து நின்றான்.

"ராசா, ஏரியில சொட்டுத் தண்ணி இல்லீங்க. களஞ்சியத்தைத் திறந்துவிடுங்க, ஊத்து தோண்ட ஆளை அனுப்புங்க. இல்லாட்டி சனம் ஊரைவிட்டே போயிரும்."

ராஜாவின் முகம் சுருங்கியது. அரண்மனைக் காரியங்களைக் கவனித்துவந்த வல்லபருக்கு அது போதாதா? மந்திரி விடங்கரின் ஆசனத்தின் மேல் அவருக்கு வெகு நாளாக ஒரு கண்.

"மகாராஜா! நாடு நெருக்கடியில் இருக்கும்போது குறை பேசுகிறவன் துரோகி. பக்கத்து நாட்டான் காதில் விழுந்தால் படையெடுத்து வந்துவிட மாட்டானா? ஏரி நிரம்பி வழிகிறது என்று தண்டோரா போடுங்கள். தெப்பத் திருவிழாவை ஜாம்ஜாமென்று நடத்துங்கள்" என்றார் வல்லபர்.

ராஜா குளிர்ந்து போனார். "அப்படியே ஆகட்டும். ஏரியில் தண்ணீர் இல்லை என்று எவன் வாயால் சொன்னாலும் துரோகி, செய்கையால் காட்டினாலும் துரோகி! தெப்பம் சுற்றி வந்ததும் இந்தக் காத்தான் தலையை எடுங்கள்!"

மந்திரி விடங்கர் எழுந்தார். "மகாராஜா, காத்தான் விசுவாசி."

"வல்லபரைவிடவா?"

"வல்லபரைவிட."

"அப்படியானால் தெப்பத்தன்று நிரூபியும். முடியாவிட்டால் மந்திரி முத்திரையை வல்லபரிடம் கொடுத்துவிட்டு நடையைக் கட்டும்."

"சரி மகாராஜா. தெப்ப ஏற்பாடு முழுவதும் என் பொறுப்பில் இருக்கட்டும். காத்தானும் வந்து கண்ணாரப் பார்க்கட்டும்."

வல்லபர் மீசையைத் தடவிக்கொண்டார். மந்திரி தானாகவே வந்து மாட்டிக்கொண்டார் என்று அவருக்கு ஒரே குஷி.

திருவிழா நாளும் வந்தது. ஏரியின் நட்டநடுவே, காய்ந்த தரையில், பூவும் தோரணமுமாகத் தெப்பம் நின்றது. ராஜாவின் பல்லக்கு ஏரிக்குள் இறங்கியதும் புழுதி கிளம்பி அவர் தும்மினார்.

"சாரல் அடிக்கிறது மகாராஜா!" என்றார் வல்லபர்.

ராஜாவும் சபையாரும் தெப்பத்தில் ஏறினார்கள். சிறைக்காவலர் காத்தானைச் சங்கிலியோடு கீழே அதன் ஓரமாக நிறுத்தினார். ஆட்கள் கயிற்றைப் பிடித்து இழுத்தார்கள். தெப்பம் அசைவேனா என்றது. வல்லபர் சளைக்கவில்லை. "ஆகா, என்ன ஆட்டம்!" என்று இடமும் வலமுமாகச் சாய்ந்தார். உடனே சபையார் எல்லோரும் சாய்ந்தாடினார்கள். கிழட்டுத் தளபதி ஒருவர் தலைசுற்றுகிறது என்று வயிற்றைக்கூடப் பிடித்துக்கொண்டார்.

ராஜா குருடரா என்ன? வெடித்த மண் பளிச்சென்று தெரிந்தது. ஆனால் வாயைத் திறந்தால் அவர் போட்ட உத்தரவுப்படி அவரே துரோகி! பாவம், அவரும் மெல்லச் சாய்ந்தாடினார்.

வெயில் ஏறியது. ராஜாவுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. "தண்ணீர்" என்றார். யாரிடமும் இல்லை.

"விடங்கரே! குடிதண்ணீர்கூட வைக்காமலா ஏற்பாடு செய்தீர்?"

விடங்கர் கைகூப்பினார். "நிரம்பிய ஏரிக்கு யாராவது குடத்தில் தண்ணீர் கொண்டுபோவார்களா மகாராஜா? ஏரியில் தண்ணீர் இல்லை என்று செய்கையால் காட்டிய துரோகம் ஆகிவிடாதா? வல்லபர் மொண்டு தருவார்."

வல்லபர் விழித்தார். வேறு வழியில்லாமல் தங்கச் செம்போடு இறங்கினார், குனிந்தார், மொண்டார், இரண்டு கையாலும் பவ்வியமாக நீட்டினார். "அமிர்தம் மகாராஜா!"

ராஜா அண்ணாந்து கவிழ்த்தார். வாயெல்லாம் புழுதி. "த்தூ!" என்று துப்பியவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. தூணைப் பிடித்தபடி அப்படியே சரிந்தார். "ஒரு வாய்த் தண்ணீர்... யாரிடமாவது..."

விசுவாசிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கீழேயிருந்து சங்கிலிக் கை ஒன்று சுரைக்குடுக்கையை நீட்டியது.

"இந்தாங்க ராசா, குடிங்க" என்றான் காத்தான்.

ராஜா மடமடவென்று குடித்து முடித்தார். "இது எப்படி உன்னிடம்?"

சிறைக்காவலர் கும்பிட்டபடி முன்னால் வந்தார். "மன்னிக்கணும் மகாராஜா. அங்கே தண்ணி இருக்காதுன்னு இவன் சொன்னான். நம்பி எடுத்தாந்தேன்."

ராஜா காத்தானைப் பார்த்தார். "உன் தலையை எடுக்கச் சொன்னவனப்பா நான்."

"தாகம்னா குடுக்க வேண்டியதுதானே ராசா. அன்னிக்கு இல்லைன்னு வந்து சொன்னதும் உங்களைக் குத்திக்காட்ட இல்லீங்க. தெரிஞ்சா ஏதாவது செய்வீங்களேன்னுதான்."

"மகாராஜா, இல்லை என்றவனை நம்பினவர் கையில் தண்ணீர் இருந்தது. இருக்கிறது என்றவரை நம்பினதால் நம் நாக்கு வறண்டது. இதற்குமேல் என்ன நிரூபணம் வேண்டும்?" என்றார் விடங்கர்.

ராஜாவின் கண் கலங்கிவிட்டது. "சங்கிலியைக் கழற்றுங்கள். களஞ்சியத்தை இன்றே திறங்கள். படைவீரர்கள் எல்லோரும் ஊற்று தோண்டப் போகட்டும். காத்தா, இனி எப்போது வேண்டுமானாலும் சபைக்கு வா. இல்லாததை இல்லை என்று சொல். நான் கேட்கிறேன்."

பிறகு திரும்பினார். "வல்லபரே, தெப்பத்தைக் கரைக்கு இழும். மிதக்கிறதுதானே? கஷ்டமே இருக்காது."

வல்லபரும் சாய்ந்தாடிய கூட்டமும் கயிற்றைப் பிடித்தார்கள். தலைப்பாகை அவிழ்ந்தது, வேட்டி நழுவியது, தெப்பம் மட்டும் நகரவில்லை. கரையில் இருந்த ஜனங்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அப்போது ராஜா கிரீடத்தைக் கழற்றி விடங்கர் கையில் கொடுத்தார், பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார், கீழே குதித்தார்.

"மகாராஜா, தாங்கள் எதற்கு?" என்று பதறினார் வல்லபர்.

"ஏரி நிரம்பி வழிகிறது என்று தண்டோரா போட்டவன் நான்தானே? தள்ளி நில்லும். முன்கயிறு எனக்கு."

சிரிப்பு சட்டென்று நின்றது. முதலில் காத்தான் வந்து கயிற்றைப் பிடித்தான். பிறகு கரையே திரண்டு இறங்கி வந்தது. சொட்டுத் தண்ணீர் இல்லாத அந்த ஏரியில் தெப்பம் நிஜமாகவே நகர்ந்து கரை சேர்ந்தது.