போணியான மாலை

குருவுக்கு வயது முப்பத்து நான்கு. சீடருக்கு ஐம்பத்தெட்டு.

குருவின் பெயர் ரெஜினா. கோவையில் சுடுமண் நகை செய்யக் கற்றுத் தருகிறவள். சீடர் கனகசபை முப்பது வருடம் லேத்துப் பட்டறையில் நின்றவர். ஓய்வு பெற்ற பிறகுதான் களிமண்ணைக் கையில் எடுத்தார். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை சார் என்பாள்.

இரண்டு வருடம் செய்ததில் ஒன்றைக்கூட அவர் விற்றதில்லை.

"யாராவது ஆசைப்பட்டு வாங்கி, கழுத்துல போட்டு நான் பாக்கோணும் டீச்சர். இல்லீன்னா இதெல்லாம் வெறும் செங்கல்தான். விட்டுட்டுப் போயிருவேன்" என்றார்.

கைவினைச் சந்தையில் அவருக்கு ஒரு மேசை பிடித்துக் கொடுத்தாள் ரெஜினா.

மேசை நடுவில் ஒரு குட்டை மாலை. கழுத்தை ஒட்டிக் கிடக்கிற மாதிரி. நாற்பத்தொரு மணி, ஒவ்வொன்றிலும் ஊசிமுனையால் கீறிய தாமரை. மூன்று மாத வேலை.

மதியம் வரை பலர் அதை எடுத்துப் பார்த்தார்கள். எடுத்தவர்களை எல்லாம் கனகசபை விசாரித்தார். எந்தச் சேலைக்குங்க? என்ன விசேஷத்துக்குங்க? அவர்கள் வைத்துவிட்டுப் போனார்கள்.

"பொண்ணு குடுக்கற மாதிரி விசாரிக்கறீங்களேண்ணா" என்றான் பக்கத்து மேசையில் சணல் பை விற்ற செல்லத்துரை. "ஜாதகத்தையும் கேட்டுருங்க."

மூன்று மணிக்கு ஓர் அம்மா வந்தார். பருத்திப் புடவை. வெறும் கழுத்து. மாலையை உள்ளங்கையில் ஏந்தி வெகுநேரம் பார்த்தார். பேரம் பேசவில்லை. கனகசபையும் அன்று முதல் தடவையாக எதுவும் கேட்கவில்லை. இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார்.

"போணி ஆயிருச்சு டீச்சர்" என்றார். கண் கலங்கியிருந்தது.

அந்த அம்மா பத்தடி நடந்தார். வேப்பமரத்தில் கட்டியிருந்த ஒரு கிழட்டு நாட்டு நாயின் முன்னால் குந்தினார். மாலையை அதன் கழுத்தில் மாட்டினார்.

கனகசபைக்குக் காது அடைத்துப்போனது. சந்தையின் இரைச்சல் எங்கோ தூரத்தில் கேட்டது. வாங்கிய பணம் இன்னும் அவர் கையிலேயே இருந்தது.

"அண்ணா, கொலுசு கேட்டா நாலாக் குடுக்கோணும்" என்றான் செல்லத்துரை. நின்றவர்கள் சிரித்தார்கள்.

கனகசபை ஓடினார். ரெஜினா பின்னால் போனாள்.

"ஏனுங்கம்மா, என்ன பண்றீங்க? கழட்டுங்க அத. இந்தாங்க உங்க பணம்."

"எதுக்குங்க?"

"நாய்க்குப் போடறதுக்கா நான் செஞ்சேன்? நீங்க போட்டுக்குவீங்கன்னு குடுத்தேனுங்க."

"நான் போட்டா யாருங்க பாக்கறாங்க? ஊட்டுல நானும் பூரணியும்தான். இவ போட்டா நான் பாப்பேன்."

பூரணி தலையைச் சாய்த்து கனகசபையைப் பார்த்தது. வாலை ஒருமுறை ஆட்டியது. பிறகு இருமியது.

கனகசபை குருவிடம் திரும்பினார்.

"நீங்களே சொல்லுங்க டீச்சர். இதுக்கா மூணு மாசம்?"

ரெஜினா மண்ணில் மண்டியிட்டாள். மாலைக்கும் கழுத்துக்கும் நடுவே விரலை நுழைத்துப் பார்த்தாள். ஒரு விரல்கூடப் போகவில்லை. கொக்கியைக் கழற்றினாள்.

கனகசபை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார்.

அவள் மாலையின் பின்கயிற்றை இரண்டு அங்குலம் தளர்த்தி முடிச்சிட்டாள். மறுபடி நாயின் கழுத்திலேயே மாட்டினாள். இப்போது இரண்டு விரல் போனது. பூரணி உடம்பை உதறியது. மணிகள் சலசலத்தன.

"டீச்சர்!" நீட்டிய கையை இறக்காமலே கனகசபை கத்தினார். "கழட்டி என் கையில குடுப்பீங்கன்னு பாத்தா, நீங்களே மாட்டி உடறீங்க. யாரு கழுத்துல மாட்டறீங்கன்னு தெரியுதுங்களா?"

ரெஜினா நாயின் காதுக்குப் பின்னால் சொறிந்துகொண்டே சொன்னாள்:

"யாரு கழுத்துன்னு இவ்வளவு சத்தம் போட்டீங்களே சார். இறுக்குதான்னு பாக்கலையே."