நாய் ஏன் ஒற்றைச் செருப்போடு ஓடுகிறது

அந்தக் காலத்தில் எல்லா உயிர்களும் பேசும். மாடு பேசும், ஆனால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். பூனையும் பேசும், மனசு வந்தால். காக்கை பேசுவதை மட்டும் யாரும் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்கள், ஏனென்றால் அது சொன்னதையே சொல்லும். ஆனால் நாய் இருக்கிறதே, அடேயப்பா! காலையில் வாயைத் திறந்தால் ராத்திரி படுக்கும்வரை மூடாது. தெருவில் யார் போனார்கள், யார் வீட்டில் என்ன குழம்பு, எவன் பெண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான், எல்லாம் அதற்கு அத்துப்படி. அத்துப்படியானதை ஊருக்கே ஒப்பித்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும்.

அப்படி ஒரு நாய்தான் கடுக்கன். கறுப்பு நாய், காதோரம் மட்டும் ஒரு வெள்ளைப் பொட்டு, அதனால் அந்தப் பெயர். மலையடிவாரத்துப் பேட்டையில் உப்பு வியாபாரம் செய்த பூவாண்டி வீட்டில் அது வளர்ந்தது. பூவாண்டி உப்பு மூட்டையைச் சுமந்துகொண்டு மலைக்கு ஏறுவான், தேனும் மிளகும் கொண்டு இறங்குவான். ஏறுவதும் இறங்குவதும் வெறுங்காலோடுதான். கடுக்கன் முன்னால் ஓடும், பேசிக்கொண்டே.

இந்தப் பூவாண்டி மலைமேல் வேம்பாயி என்ற பெண்ணிடம் மனசைப் பறிகொடுத்துவிட்டான். வேம்பாயிக்கும் அவன்மேல் ஆசைதான். கடுக்கனுக்கோ இரண்டு பேரையும்விட அதிக ஆசை. வேம்பாயி பானையின் அடியில் பிடித்த சோற்றைச் சுரண்டி அதற்கென்றே எடுத்துவைப்பாள். அது மட்டுமா? பக்கத்தில் உட்கார்ந்து அது பேசுவதைக் கேட்பாள். கடுக்கன் பேச்சைக் கடைசிவரைக்கும் கேட்ட ஒரே ஜீவன் அந்தப் பக்கத்தில் அவள்தான். அவள் தங்கள் வீட்டுக்கே வந்துவிட்டால் எப்படி இருக்கும் என்று நினைக்கும்போதே அதற்கு வால் தானாக ஆடும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. அந்த மலையில் மாப்பிள்ளை பார்க்க மாட்டார்கள், மாப்பிள்ளையின் செருப்பைத்தான் பார்ப்பார்கள். வருகிறவன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் மோர் குடிக்க வேண்டும். பெண்ணைப் பெற்றவர்கள் கைகால் கழுவிக்கொண்டு வந்து, வாசலில் செருப்பின் முன்னால் உட்கார்ந்து, அதைத் தடவிப் பார்த்து, வளைத்துப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து முடிவு சொல்வார்கள். ஆளிடம் ஒரு கேள்வி கிடையாது. ஆள் பொய் சொல்வான், செருப்பு சொல்லாது என்பது அவர்கள் கட்சி.

வேம்பாயி முன்கூட்டியே எச்சரித்துவிட்டாள்.

"எங்கப்பாவுக்கு மலை ஏறுற செருப்பா இருக்கணும். பொண்ணைக் கூட்டிட்டுப் போனவன் இந்தப் பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டானோன்னு அவருக்குப் பயம். எங்கம்மாவுக்குத் தெருவுல போடுற செருப்பா இருக்கணும். பேட்டையில நாலு பேரு மதிக்கிற மாதிரி மருமகன் வேணுமாம். ரெண்டு பேருல ஒருத்தர் மூஞ்சியைச் சுளிச்சாலும் அவ்வளவுதான். அடுத்த வாரம் எங்க மாமன் மவன் அவன் செருப்போட வரப்போறான். என்னை அவனுக்குக் கட்டி வெச்சிருவாங்க. பார்த்து வாங்குங்க."

பூவாண்டிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பிறந்தது முதல் செருப்பே போடாதவன் அவன். தெருவுக்கும் மலைக்கும் சேர்த்து ஒரே செருப்புக்கு எங்கே போவான்?

"கவலையை விடுண்ணே, நான் இருக்கேன்," என்றது கடுக்கன். "ஆனா சாயங்காலமாப் போவோம். நாளெல்லாம் நடந்து கால் உப்பியிருக்கும்போதுதான் அளவு பார்க்கணும். காலையில அம்சமா இருக்குற செருப்பு சாயங்காலம் உயிரை வாங்கிரும்."

அந்தக் காலத்தில் செருப்புத் தைத்தது முள்ளம்பன்றி. வேறு யாரால் முடியும்? ஊசிக்கு அலைய வேண்டாம், முதுகிலிருந்து ஒன்றைப் பிடுங்கினால் போதும். தோலுக்கும் பஞ்சமில்லை. வயசான எருமைகள் கண்ணை மூடுவதற்கு முன்னால், 'என் தோலை மட்டும் வீணாக்கிடாதீங்க' என்று சொல்லிவிட்டுத்தான் போகும். மலைப்பாதை தொடங்கும் இடத்தில் ஒரு பாறை நிழலில் முள்ளம்பன்றியின் கடை இருந்தது. கைதேர்ந்த வேலைக்காரர், ஆனால் மூக்குக்கு மேல் கோபம். கோபம் வந்தால் முதுகு முழுக்க ஊசி நிமிர்ந்துவிடும், கிட்டே நிற்கிறவன் பாடு திண்டாட்டம்தான்.

கடுக்கன் கடைக்குள் நுழைந்து ஒவ்வொரு செருப்பாக மோந்துகொண்டே போனது.

"இது கன்னுக்குட்டித் தோல், மழை பட்டா அப்பளமா நெளிஞ்சிரும். இது ஆட்டுத் தோல், மலையில ஒரு கல்லுக்குத் தாங்காது. இது… மாமா, இதை நீங்க தைக்கும்போது சண்டை போட்டுட்டு இருந்தீங்களா? தையல் எல்லாம் கோணையா இருக்கு."

"என் சம்சாரத்தோட," என்றது முள்ளம்பன்றி எரிச்சலாக. "அடுத்ததைப் பாரு."

ஒரு மூலையில் பழுப்பு நிறத்தில் ஒரு ஜோடி இருந்தது. பாதத்தை மூடிய எருமைத்தோல் செருப்பு. பகட்டு எதுவும் இல்லை. கடுக்கன் அதன் அருகில் உட்கார்ந்துவிட்டது.

"இதான்ணே! தோல் நல்லாப் பதமாகியிருக்கு. முன்னால விரல் அசைய இடம் இருக்கு, இறக்கத்துல நகம் இடிக்காது. குதிகாலை ஆடவிடாமப் பிடிக்குது. அடியில வரி வரியா வெட்டியிருக்காரு, பாறையில வழுக்காது. அடக்கமா இருக்கு, தெருவுலயும் போட்டுக்கலாம். போட்டு நாலு எட்டு நடந்து பாரு."

பூவாண்டி போட்டு நடந்தான். கால் சுகமாக இருந்தது. முகம்தான் தொங்கிப்போனது.

"நல்ல செருப்புதான்டா. ஆனா பார்த்தா ஒண்ணுமே தோணலையே! மாமனார் பார்த்தா, 'ஆகா, மலைச் செருப்பு'ன்னு சொல்லணும். மாமியார் பார்த்தா, 'அடடா, டவுன் செருப்பு'ன்னு சொல்லணும். இதைப் பார்த்தா ரெண்டு பேரும், 'ஓ, செருப்பு'ன்னுதான் சொல்வாங்க."

சொல்லிவிட்டுக் கடையைச் சுற்றிப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு அந்த யோசனை வந்தது. ஐயோ, வராமல் இருந்திருக்கலாம்! ஒரு பக்கம் சிவப்புத் தோலில், மூக்கு வளைந்து, பளபளவென்று மின்னும் மெல்லிய செருப்பு ஒரு ஜோடி. இன்னொரு பக்கம் ரெட்டை அடி வைத்து, ஆணி அறைந்த முரட்டு மலைச் செருப்பு ஒரு ஜோடி. பூவாண்டி சிவப்பில் இடது கால் செருப்பை எடுத்தான், முரட்டில் வலது கால் செருப்பை எடுத்தான். இரண்டையும் மாட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நின்றான்.

"இடது மாமியாருக்கு, வலது மாமனாருக்கு. எப்படிடா என் மூளை?"

முள்ளம்பன்றியின் முதுகில் அத்தனை ஊசியும் நிமிர்ந்தது.

"ஏன்யா, ஜோடியைப் பிரிச்சுட்டுப் போனா மிச்சம் ரெண்டையும் நான் யார் தலையில கட்டுறது?"

"என்னை மாதிரியே யோசிக்கிறவன் ஒருத்தன் வருவான், மாமா."

"உலகத்துல இன்னொருத்தனுக்கு இது தோணாதுண்ணே," என்றது கடுக்கன். "சொன்னாக் கேளு, அந்தப் பழுப்பை எடு."

யார் கேட்டார்கள்? காதல் வந்தவன் காதில் ஏதாவது ஏறுமா?

மறுநாள் காலையில் இரண்டு பேரும் மலை ஏறினார்கள். வலது கால் உயரம், இடது கால் பள்ளம். வலது காலைத் தூக்குவதற்குள் மூச்சு வாங்கியது, இடது காலை வைத்ததுமே முள் குத்தியது. 'தொம்' என்று ஒரு சத்தம், 'சரக்' என்று ஒரு சத்தம். மரத்தில் இருந்த குரங்கு ஒன்று எட்டிப் பார்த்து, "ரெண்டு பேரு வர்றாங்கன்னு நெனச்சேன், ஒருத்தன்தானா?" என்று கேட்டுவிட்டுப் போனது. பூவாண்டி பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். மேலே போய்ச் சேர்வதற்குள் சிவப்புச் செருப்பின் மூக்கு பிளந்து, பெருவிரல் எட்டிப் பார்த்தது.

வேம்பாயி வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினான். பிளந்த இடத்தில் மண்ணைத் தடவி மறைத்துவிட்டு உள்ளே போனான். பெண்ணின் அப்பா பெரியமாயனும் அம்மா சீரங்காயியும் கொல்லையில் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள். வேம்பாயி ஆசையாக ஓடி வந்து வாசலைப் பார்த்தாள். முகம் சுண்டிப்போய்விட்டது.

"ஐயையோ கடுக்கா, என்ன இது ஒண்ணுக்கொண்ணு சேராம? ஜோடி சேராத செருப்பு வாசலுக்கு வந்தாலே, புருசன் பொண்டாட்டி சேர மாட்டாங்கன்னு எங்க ஆளுங்க எந்திரிச்சுப் போயிருவாங்களே! அவருக்கு இது தெரியாதா?"

பேட்டையில் பிறந்த கடுக்கனுக்கும் தெரியாதே! வேம்பாயியின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. கொல்லைப்பக்கம் செம்பைக் கவிழ்த்துவைக்கும் சத்தம் கேட்டது. பெரியவர்கள் வருகிறார்கள். இரண்டையும் தூக்கலாம் என்றால் இருப்பது ஒரு வாய். ஒன்றையாவது இல்லாமல் செய்துவிட்டால்? ஒற்றைச் செருப்பைப் பார்த்து ஜோடி சேரவில்லை என்று யாரால் சொல்ல முடியும்?

கடுக்கன் பிளந்துபோன சிவப்புச் செருப்பை வாய்க்குள் மறையும்படி மடக்கி, ஒரே கவ்வாகக் கவ்விக்கொண்டு பாய்ந்தது. அவ்வளவு பதற்றத்திலும், தோல் ருசியாகத்தான் இருக்கிறது என்று அதற்குப் பட்டது.

"புடி! புடி! மாப்பிள்ளை செருப்பை நாய் தூக்கிட்டு ஓடுது!" என்று பெரியமாயன் தடியை எடுத்தார். சீரங்காயி ஒரு கல்லை எடுத்தாள். கடுக்கன் பலாமரத்தடி வரை ஓடி நின்று திரும்பிப் பார்த்தது.

"ஏன்டா எடுத்தே? வாயைத் திறந்து சொல்லுடா!" என்று பெரியமாயன் கத்தினார்.

எப்படித் திறக்கும்? திறந்தால் சிவப்புச் செருப்பு கீழே விழும், குட்டு உடைந்துவிடும். ஆயிரம் பதில் நாக்கு நுனியில் நின்றது. "ம்ம்ம்," என்றது.

சத்தம் கேட்டுப் பூவாண்டி மோர் ஒட்டிய மீசையோடு ஓடி வந்தான். வாசலில் முரட்டுச் செருப்பு ஒன்று மட்டும் தனியாகக் கம்பீரமாகக் கிடந்தது. மரத்தடியில் கடுக்கன். கதவோரம், 'ஜோடி சேரல' என்று உதட்டை மட்டும் அசைத்துக் கண்ணாலேயே கெஞ்சுகிற வேம்பாயி. அவனுக்கு எல்லாம் மெதுவாக, மெதுவாகத்தான், விளங்கியது. விளங்கியதும் வாய்விட்டுச் சிரித்துவிட்டான்.

"போனாப் போகட்டும், விடுங்க மாமா. அடிக்காதீங்க அத்தை. அது எங்க வீட்டுப் பிள்ளை, ஆசைப்பட்டு எடுத்திருக்கு."

பெரியமாயன் தடியைப் போட்டுவிட்டு மிச்சமிருந்த செருப்பைக் கையில் எடுத்தார். "ஏ அப்பா, என்ன அடி, என்ன கனம்! இவன் மாசம் தவறாம மலை ஏறுவான்டி. எனக்குச் சம்மதம்."

சீரங்காயி உதட்டைப் பிதுக்கினாள். "எனக்கு இந்தச் செருப்பு பிடிக்கலை. இதைப் போட்டுட்டுத் தெருவுல போனா யானை வருதுன்னு சனம் ஒதுங்கும்."

வேம்பாயி கதவை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா," என்று கையிலிருந்த கல்லைக் கீழே போட்டாள் சீரங்காயி, "நம்ம கல்யாணத்துல உங்க செருப்புல ஒண்ணு காணாமப் போனதுக்கு நீங்க என்ன ஆட்டம் ஆடுனீங்க? இன்னிக்கு வரைக்கும் எங்கண்ணன்தான் எடுத்தான்னு சொல்லிட்டுத் திரியுறீங்க. புதுச் செருப்பு பறிபோயும் சிரிக்கிற ஆம்பளையை நான் இப்பத்தான் பார்க்குறேன். என் பொண்ணு ஒரு பானையை உடைச்சாலும் இவரு கை ஓங்க மாட்டாரு. எனக்கும் சம்மதம்!"

இறங்கி வரும் வழியில் பூவாண்டி நாயைக் கட்டிக்கொண்டு அழுதான். "டேய், நீதான்டா என் வாழ்க்கையைக் காப்பாத்தினே. ஆனா இது மட்டும் வெளியே தெரிஞ்சா கல்யாணமும் நின்னுரும், மானமும் போயிரும். சாமி சத்தியமா யாருகிட்டயும் சொல்லாதே."

கடுக்கன் யோசித்தது. அதற்குத் தன்னைப் பற்றி நன்றாகத் தெரியும். மழையைப் பற்றி ஆரம்பித்தாலும் பேச்சு சுற்றி வளைத்துச் செருப்பில் வந்துதான் நிற்கும். ஒன்றை மட்டும் சொல்லாமல் மற்றதைப் பேச அதற்குத் தெரியாது. அதனால் அந்த நிமிஷத்தோடு பேச்சையே விட்டுவிட்டது.

பூவாண்டி அன்றைக்கே முள்ளம்பன்றியிடம் நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு, அந்தப் பழுப்புச் செருப்பை வாங்கினான். கல்யாணத்தன்று மாமனாரும் மாமியாரும் அதைப் பார்த்துவிட்டு, "ஓ, செருப்பு," என்றார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவன் பல வருஷம் தெருவிலும் நடந்தான், மலையும் ஏறினான்.

வேம்பாயி பேட்டைக்கு வந்த அன்று அடிச்சோற்றைச் சுரண்டி வைத்துவிட்டுக் கடுக்கன் பக்கத்தில் உட்கார்ந்தாள். "சொல்லு கடுக்கா, ஊர்ல என்ன விசேஷம்?" என்றாள். எவ்வளவோ இருந்தது சொல்ல. "வள்," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டது. வேம்பாயி கண்ணைத் துடைத்துக்கொண்டு அதன் காதைச் சொறிந்துவிட்டாள். கடுக்கனுக்குப் பிறந்த குட்டிகளும் அதைப் பார்த்துப் பேசாமலே வளர்ந்தன. வாசலில் ஒரு ஜோடி கிடந்தால் ஒன்றை அப்புறப்படுத்துவது வீட்டுக்கு நல்லது என்பதை மட்டும் அதனிடம் கற்றுக்கொண்டன.

அன்று முதல்தான் நாய் நம் வாசலில் ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. நாம் கல்லை எடுத்துக்கொண்டு துரத்துகிறோம். அது கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்க்கிறதே, எதற்கு என்று நினைக்கிறீர்கள்? ஒருத்தராவது, 'போனாப் போகட்டும், எங்க வீட்டுப் பிள்ளை' என்று சொல்ல மாட்டார்களா என்றுதான்.