மஞ்சள் கை

கொற்றூர் ராஜா ஒருநாள் சபையில் இரண்டு ஆணைகளைச் சேர்த்தே போட்டார். பெரிய வியாபாரிகளுக்கு இனி வரி கிடையாது. ஊர் நடுவே ஒரு பளிங்கு மாளிகை கட்ட வேண்டும்.

"வரவு குறையுது, செலவு ஏறுது. நடுவில் விழுகிற பள்ளத்தை எதைப் போட்டு மூடுவது மகாராஜா?" என்றார் மந்திரி.

"கடன் வாங்கும், மந்திரி. முப்பது வருஷம் கழித்துக் கட்டினால் போதும்."

கடனைக் கட்டப்போகிறவர் கரைத்த மஞ்சளில் கையை நனைத்துப் பத்திரத்தில் பதிப்பது அந்த நாட்டு வழக்கம். மஞ்சள் கிண்ணம் வந்தது. அந்த நேரம் பார்த்து, தாதி சிலம்பாயியின் இடுப்பிலிருந்த இளவரசன் வீறிட்டான். அறுபது வயதில் ராஜாவுக்குப் பிறந்த ஒரே பிள்ளை.

"அழுகையை நிறுத்து! இல்லையென்றால் உனக்கு இங்கே வேலையில்லை" என்று சீறினார் ராஜா.

சிலம்பாயி விறுவிறுவென்று வந்து குழந்தையின் கையைக் கிண்ணத்தில் நனைத்தாள். அழுகை நின்றது. குழந்தை சிரித்தது.

"என்ன காரியம் செய்கிறாய்?"

"கட்டப்போறவர்தானே கை வைக்கணும் சாமி? முப்பது வருஷம் கழிச்சு நீங்களும் இருக்க மாட்டீங்க, நானும் இருக்க மாட்டேன். இவர் அன்னைக்கு அழுதா யார் நிறுத்துவாங்க?"

குழந்தை அப்பாவிடம் தாவியது. வாங்கி அணைத்துக்கொண்ட ராஜாவின் வெண்பட்டு அங்கவஸ்திரத்தில் ஐந்து குட்டி விரல்கள் பதிந்தன.

"மந்திரி, வரி பழையபடியே இருக்கட்டும். மாளிகை வேண்டாம்."

பத்திரத்தைக் கிழித்துப் போட்டார்கள். அங்கவஸ்திரத்தைத் துவைக்க மட்டும் ராஜா கடைசிவரை சம்மதிக்கவில்லை.